பதநீர் எப்போது கள்ளாகிறது? நாம் அறிய வேண்டியவை

கோடை வந்தால் கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிக் குடும்பங்களில் பதநீர் வாங்குவதும், பேரீச்சம்பழத்தை ஊறவைத்துக் குடிப்பதும், மாம்பழச் சாறு பிழிந்து வைப்பதும் வழக்கம். இவை எந்த நேரத்தில் போதைப் பொருளாக மாறும் என்பதை நாம் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

பனஞ்சாற்றில் 10 சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை உண்டு. அதைப் புளிக்க வைக்க யாரும் எதையும் சேர்க்கத் தேவையில்லை. பாளையிலும், பூச்சிகளிலும், முந்தைய நாள் சாறு ஒட்டிய பானையிலும் இயற்கையாகவே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இருக்கிறது. அது சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைந்து, ஈஸ்ட்டின் வளர்ச்சி தடைபடும். சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கியது பதநீர். தடவாததில் இறக்கிப் புளித்தது கள்.

இந்த வேறுபாடு நம் மாவட்ட வரலாற்றிலும் உண்டு. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இன்றைய கிருஷ்ணகிரி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமோ உலர் திராட்சையோ தண்ணீரில் ஊறவைக்கப்பட்டது. ‘நபீத்’ எனப்படும் அந்தப் பானத்தை மூன்றாம் நாளுக்குப் பின் அவர்கள் அருந்தவில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு உள்ளது. அது அக்காலச் சூழலில் அவர்கள் காட்டிய பேணுதல். அதற்கு முன்பே போதை தரும் நிலை ஏற்பட்டுவிட்டால் அது ஹராம்தான். நாள் கணக்கு அதை ஹலாலாக்காது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

- பதநீரைக் காலையிலேயே வாங்கி உடனே குடியுங்கள்.
- நுரை, குமிழி, புளித்த நெடி, நாக்கில் சுருக்கென்ற காரம் தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.
- ஃப்ரிட்ஜ் புளிப்பதைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது.
- பழைய சாறு ஒட்டிய பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள்.
- சாற்றை இறுக மூடிய பாட்டிலில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும்.

இட்லி மாவும் புளிக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அதில் முக்கியமாக வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியா. அந்தப் புளிப்பு போதை தருவதில்லை. மாவை ஆவியில் வேகவைத்தே உண்கிறோம். எனவே புளிப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. போதையைத்தான் தவிர்க்க வேண்டும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.