சேணத்தின் மேல் ஒரு விருந்து: நியூயார்க், 1903

1903 மார்ச் 28 இரவு நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த ஷெர்ரி உணவகத்தின் நடனக்கூடத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம், அமெரிக்கச் சமூக வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. கறுப்பு மாலையுடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அணிந்த கனவான்கள் குதிரைகளின் மீது அமர்ந்து உணவருந்துகிறார்கள். குதிரைகள் வட்டமாக, தலைகளை மையத்தை நோக்கி வைத்து நிற்கின்றன. ஒவ்வொரு சேணத்தின் முன்பக்கத்திலும் ஒரு சிறு மேசை பொருத்தப்பட்டிருக்கிறது. படத்தை எடுத்தது இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஜோசப் பைரனின் நிழற்பட நிலையம். அந்நிலையத்தின் படத்தொகுப்பு இன்று நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

விருந்தளித்தவர் சி. கே. ஜி. பில்லிங்ஸ். சிகாகோவுக்கு எரிவாயு வழங்கிய பீப்பிள்ஸ் காஸ் லைட் அண்டு கோக் நிறுவனத்தின் வாரிசாகச் செல்வம் பெற்று, பின்னர் நியூயார்க்கில் குடியேறியவர். மன்ஹாட்டனின் வடகோடியில், ஹட்சன் ஆற்றைப் பார்த்த குன்றின்மேல், பெருஞ்செலவில் ஒரு குதிரை லாயம் கட்டினார். அதன் நிறைவைக் குதிரையேற்றச் சங்கத்து நண்பர்களோடு கொண்டாடுவதே நோக்கம். முதலில் லாயத்திலேயே விருந்து நடப்பதாக இருந்தது. செய்தி வெளியே கசிந்து பத்திரிகையாளர்கள் மொய்க்கத் தொடங்கவே, நிகழ்ச்சி ஷெர்ரிக்கு மாற்றப்பட்டது. முப்பத்தாறு விருந்தினர், முப்பத்தாறு குதிரைகள். குதிரைகள் சரக்கு லிஃப்டில் ஏற்றப்பட்டு மாடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பளபளக்கும் தரை மறைக்கப்பட்டது. சேணப்பைகளில் பனிக்கட்டியோடு ஷாம்பெயின் புட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து ரப்பர்க் குழாய்வழியே உறிஞ்சிக் குடித்தார்கள். விருந்தின் ஒரு கட்டத்தில் குதிரைகளுக்கும் ஓட்ஸ் பரிமாறப்பட்டது. பரிமாறியவர்கள் உணவகத்தின் பணியாளர்களே. ஆனால் அன்றிரவு அவர்களுக்குக் குதிரைக்காரர்களின் வேடம் அணிவிக்கப்பட்டிருந்தது.

பின்வந்த நூல்கள் இவ்விருந்தின் செலவாகச் சொல்லும் தொகை 50,000 டாலர். இத்தகைய தொகைகள் நாளேடுகளில் பிறந்து நூல்களில் முதிர்ந்தவை. அவற்றைக் கணக்கேட்டுச் சான்றாகக் கொள்வது பிழை. எனினும் அளவை உணர்வதற்கு ஓர் ஒப்பீடு உதவும். அதே பத்தாண்டின் தொழிற்கணக்கெடுப்புகளின்படி அமெரிக்க ஆலைத்தொழிலாளி ஒருவரின் சராசரி ஆண்டுக் கூலி 500 டாலரை எட்டவில்லை. தொகையில் பாதியைத் தள்ளிவிட்டாலும் ஓர் ஆலைத்தொழிலாளியின் ஐம்பதாண்டுக் கூலி ஓரிரவில் கரைந்தது என்றாகும். அதற்கு முந்தைய ஆண்டில்தான் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஒன்றரை லட்சம் பேர் அளவில் மே முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்திருந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட வேண்டியதாயிற்று. கரியின்றிக் குளிர்காலத்தை எண்ணி நடுங்கிய நகரங்களுள் நியூயார்க்கும் ஒன்று.

இவ்வளவும் வகுப்பறைகளில் சொல்லப்படுவதே. 'பொன்முலாம் யுகம்' என்று மார்க் ட்வெயினும் சார்லஸ் டட்லி வார்னரும் 1873இல் ஒரு நாவலுக்கு இட்ட பெயர், பின்னர் ஒரு காலகட்டத்துக்கே பெயராயிற்று. அக்காலகட்டத்தின் ஊதாரித்தனத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் பைரனின் படம் எடுத்து வைக்கப்படும், மாணவர்கள் சிரிப்பார்கள், பாடம் அடுத்த தலைப்புக்கு நகரும். படத்தை இவ்வாறு வெறும் விளக்கப்படமாக ஆக்கிவிட்டதில்தான் வரலாற்றெழுத்தின் சோம்பல் தெரிகிறது. செல்வர்கள் செலவழித்தார்கள் என்பது புதிய செய்தியன்று. ஏன் குதிரை? ஏன் 1903?

அன்றைய நியூயார்க் குதிரைகளால் இயங்கிய நகரம். பால், கரி, பனிக்கட்டி, பீப்பாய்கள், பிணங்கள் அனைத்தும் குதிரை வண்டியில்தான் சென்றன. 1872இல் வட அமெரிக்கா முழுவதும் பரவிய குதிரைக் காய்ச்சல், இந்தச் சார்பை ஒரே வாரத்தில் வெளிப்படுத்தியது. டிராம்கள் நின்றன, சந்தைகளில் சரக்கு தேங்கியது, சில இடங்களில் மனிதர்களே வண்டிகளை இழுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் பாஸ்டன் நகரின் வணிகப்பகுதி எரிந்தபோது தீயணைப்பு இயந்திரங்களை இழுக்கக் குதிரைகள் இல்லாமல் ஆட்கள் இழுத்துச் சென்றது நகர வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. டிராம் குதிரையின் உழைப்புக்காலம் சராசரியாக நான்கைந்து ஆண்டுகளே. அதன்பின் அது மலிவாக விற்கப்படும், அல்லது எலும்பும் தோலுமாகக் கழிவு ஆலைக்குப் போகும். 1880இல் மட்டும் நியூயார்க் தெருக்களிலிருந்து சுமார் 15,000 குதிரைப் பிணங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. கிளே மக்ஷேன், ஜோயல் டார் ஆகிய வரலாற்றாசிரியர்கள் நகரக் குதிரையை 'உயிருள்ள எந்திரம்' என்ற நோக்கில் ஆராய்ந்தது இதனாலேயே. முதலாளியின் கணக்கேட்டில் குதிரை தேய்மானத்துக்குரிய ஒரு சொத்து.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த எந்திரத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது. மின்சார டிராம் வந்துவிட்டது. மோட்டார் வண்டி தெருவில் தலைகாட்டியது. உழைப்பிலிருந்து விடுபடத் தொடங்கிய விலங்கு, அதே வேகத்தில் அலங்காரத்துக்கு உரியதாக மாறியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அப்போது கற்பித்துக்கொண்டிருந்த தார்ஸ்டைன் வெப்லன், 1899இல் வெளியான தம் 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு' நூலில் வேகக் குதிரையை ஓர் உதாரணமாகவே எடுத்துக்கொள்கிறார். உற்பத்திக்குப் பயன்படாமையும் பராமரிப்புச் செலவும்தான் அதன் மதிப்புக்குக் காரணம் என்பது அவர் வாதத்தின் சாரம். பில்லிங்ஸின் செல்வம் பிறந்த நகரத்திலேயே அந்நூல் எழுதப்பட்டது என்பது தற்செயல்தான், ஆனால் சுவையான தற்செயல்.

பில்லிங்ஸுக்கு உண்மையான ஈடுபாடு சேணக்குதிரையில் அன்று. 'டிராட்' எனப்படும் சீர்நடையில் வண்டி இழுத்து ஓடும் குதிரைகளில். விருந்து நடந்த அதே ஆண்டில் லூ தில்லன் என்ற பெண்குதிரையை அவர் வாங்கினார். 1903 ஆகஸ்டு 24 அன்று பாஸ்டனுக்கு அருகிலுள்ள ரெட்வில் ஓடுதளத்தில் அது ஒரு மைலை இரண்டே நிமிடத்தில் கடந்தது. டிராட் நடையில் அந்த எல்லையைத் தொட்ட முதற்குதிரை அதுவே. அன்று வண்டியை ஓட்டியவர் மில்லர்ட் சாண்டர்ஸ் என்ற தொழில்முறைப் பயிற்சியாளர். குதிரை உரிமையாளருடையது; கைத்திறன் கூலிக்காரருடையது.

இந்தப் பிரிவினை கவனத்துக்குரியது. அக்காலத்துச் செல்வர்களின் வண்டியோட்டச் சங்கங்கள், பணப் பரிசு இல்லாத பந்தயங்களைத் தமக்குள் நடத்தின. உறுப்பினர்கள் தம் குதிரைகளைத் தாமே ஓட்டுவார்கள். வெல்பவருக்குக் கோப்பையோ நாடாவோ கிடைக்கும். ஊதியம் பெறாமல் ஓட்டுவதே கண்ணியம், ஊதியத்துக்கு ஓட்டுவது தொழில். பில்லிங்ஸ் தம் குதிரைகளைப் பணத்துக்காக ஓட்டாதவர் என்று புகழப்பட்டார். ஊதியமின்மையைப் பெருமையாக அணிந்துகொள்ள, ஊதியம் தேவைப்படாத நிலை முதலில் வாய்க்க வேண்டும் என்பதை அப்புகழுரைகள் சொல்வதில்லை. கோப்பைதானே, பணமில்லையே என்ற பேச்சின் மெலிவு அடுத்த ஆண்டிலேயே வெளிப்பட்டது. 1904இல் மெம்பிஸ் தங்கக் கோப்பைப் பந்தயத்தில் லூ தில்லன் வழக்கத்துக்கு மாறாகத் தளர்ந்து, மேஜர் டெல்மர் என்ற குதிரையிடம் தோற்றது. அதற்கு மருந்து கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்து, கோப்பை யாருக்கு என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது.

நகரத்தின் பொதுநிலமும் இந்தக் கனவான்களின் பொழுதுபோக்குக்கு வளைந்துகொடுத்தது. 1898இல் திறக்கப்பட்ட ஹார்லெம் ஆற்றோர வேகச்சாலை பொதுப்பணத்தில் கட்டப்பட்டது. ஆனால் அது இலகுவான குதிரை வண்டிகளுக்கே உரியது. சரக்கு வண்டிக்கு இடமில்லை, மிதிவண்டிக்கும் இல்லை. நடைபாதையே வேண்டாம் என்று குதிரைக்காரக் கனவான்கள் வாதிட்டனர். நகரப் பூங்காக்களின் வடிவமைப்பாளர் கால்வெர்ட் வாக்ஸ் அதை எதிர்த்தார், பொதுமக்களும் எதிர்த்தனர், நடைபாதை அமைந்தது. பில்லிங்ஸின் புதிய லாயம் இந்தச் சாலையின் வடமுனைக்கு அருகில் அமைந்திருந்தது தற்செயலன்று.

மீண்டும் படத்துக்கு வருவோம். அதில் மூன்று வகை உயிர்கள் உள்ளன. சேணத்தின்மேல் இருப்போர் சங்கத்தின் மதிப்புக்குரியவர்கள். குதிரைகளோ, பலரும் நினைப்பதுபோல் பில்லிங்ஸின் புகழ்பெற்ற குதிரைகள் அல்ல. குதிரையேற்றப் பள்ளிகளிலிருந்து வாடகைக்கு எடுத்த சாதுவானவை. கூட்டமும் விளக்கொளியும் பழகாத உயர்சாதிப் பந்தயக் குதிரையை மாடிக்கூடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை விருந்தளித்தவர் நன்கறிவார். நாள்தோறும் புதியவர்களைச் சுமந்து பழகிய, எதற்கும் மிரளாத உழைப்புக் குதிரைகள்தான் அன்றிரவு நாற்காலிகளாயின. மூன்றாவது வகை, வேடமிட்ட பரிமாறுநர். குதிரைக்காரரின் உடை விருந்தில் அழகுப் பொருளாகத் தேவைப்பட்டது, அவ்வுடைக்குரியவர் தேவைப்படவில்லை. ஒரு வேலைக்காரருக்கு மற்றொரு வேலைக்காரரின் சீருடையை மாட்டிவிட்டதில், இருவருமே ஒரே சமயத்தில் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

உண்மைக் குதிரைக்காரர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? முப்பத்தாறு குதிரைகள் தாமாக லிஃப்டில் ஏறா. கட்டிப்பிடித்து அமைதிப்படுத்தவும், சாணத்தை உடனுக்குடன் அள்ளவும், நள்ளிரவுக்குப்பின் திரும்ப இறக்கவும் ஆட்கள் வேண்டும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 7 முதல் 14 கிலோ வரை சாணமிடும். சில மணி நேர விருந்து என்றாலும் முப்பத்தாறால் பெருக்கிப் பார்க்கலாம். விருந்தைப் பற்றிய வருணனைகளில் உணவுவகைகளும் குழாய்களும் சேணப்பைகளும் இடம்பெறுகின்றன. இந்த வேலை இடம்பெறுவதில்லை.

இன்று அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் சிற்றூர்க் குதிரையேற்றச் சங்கங்கள் ஆண்டுதோறும் விருந்து வைக்கின்றன. அங்கே பரிசு பெறுவோர் அவ்வாண்டில் வென்ற சவாரியாளர்கள் மட்டுமல்லர். தாண்டுதடைகளை நட்டவர், மதிப்பெண் எழுதியவர், வண்டி நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றவர், அடுப்படியில் இருந்தவர் என்று ஊதியமின்றி உழைத்தோர் பெயர்சொல்லி அழைக்கப்பட்டுக் கைதட்டல் பெறுகிறார்கள். அதைப் பில்லிங்ஸ் விருந்தின் நேர் வாரிசு என்று சொல்வது மிகையாகும்; பெயர் ஒன்றாயினும் வேர்கள் வேறு. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல் உண்டு: ஊதியமின்மை. 1903இல் அது கோப்பையை வெல்பவரின் தகுதி. தன்னார்வலர் விருந்தில் அது சாணம் அள்ளுபவரின் தகுதி. ஒரு நூற்றாண்டில் அந்தச் சொல் சேணத்திலிருந்து தரைக்கு இறங்கியது எவ்வாறு என்பது குதிரை வரலாற்றிலும் உழைப்பு வரலாற்றிலும் ஆய்வுக்குரிய கேள்வி. கூலிக்கு இருந்த குதிரைக்காரர் மறைந்த இடத்தில்தான் தன்னார்வலர் தோன்றினார் என்று கொள்ள இடமுண்டு. அப்படியானால் அந்தக் கைதட்டலில் கொடுக்கப்படாத கூலியின் சாயலும் கலந்திருக்கிறது. நன்றியைக் குறைத்து மதிப்பிடுவதாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. முப்பத்தாறு பேரின் விருந்தில் அந்த நன்றிகூட இல்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1905 ஜனவரியில் அதே ஷெர்ரி உணவகத்தில் ஜேம்ஸ் ஹேசன் ஹைட் நடத்திய ஆடம்பர நடனவிருந்து, அவர் துணைத்தலைவராக இருந்த ஈக்விடபிள் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் உட்பூசலோடு சேர்ந்து பெருஞ்சர்ச்சையாயிற்று. அதைத் தொடர்ந்த ஆம்ஸ்ட்ராங் விசாரணைக்குழுவில் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் காப்பீட்டுத் தொழிலின் ஊழல்களை வெளிக்கொணர்ந்தார். பில்லிங்ஸின் விருந்துக்கு அப்படி ஒரு விசாரணை வாய்க்கவில்லை. அவருடைய பணம் அவருடையதே என்று கருதப்பட்டது, எரிவாயுக் கட்டணம் செலுத்தியோர் சிகாகோவில் இருந்தனர். ஷெர்ரி உணவகம் மதுவிலக்கையும் தொழிலாளர் பிணக்குகளையும் காரணம் காட்டி 1919இல் மூடப்பட்டது. நியூயார்க்கின் கடைசிக் குதிரை டிராம் ஓடியது 1917இல். அதே ஆண்டில் பில்லிங்ஸ் தம் குன்றையும் மாளிகையையும் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியருக்கு விற்றார். மாளிகை 1926இல் எரிந்தது. நிலம் ஃபோர்ட் டிரையன் பூங்காவாகி 1935இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது; ஆற்றுப்பக்கத்திலிருந்து குதிரை வண்டிகள் ஏறிவந்த வளைவுப்பாதையின் கல்தூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. லூ தில்லன் கலிபோர்னியாவில் ஓய்வுக்காலத்தைக் கழித்து 1925இல் இறந்தது. வாடகைக் குதிரைகள் முப்பத்தாறும் மறுநாள் தத்தம் பள்ளிகளுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.