ஊர்க்காரன்: பாகூ எண்ணெய்க் கிணறும் மாத்தளைத் தோட்டமும்

அசர்பைஜானுக்கும் மாத்தளைக்கும் என்ன சம்பந்தம்? சட்டென்று சொல்வதென்றால் தேத்தண்ணி. இலங்கைத் தேயிலை வாங்கும் நாடுகளின் பட்டியலில் அசர்பைஜான் பல வருடங்களாக முன்வரிசையில் இருக்கிறது. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் பால் இல்லாமல் ஊற்றி, சீனிக்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பார்கள். நம்ம ஆட்கள் கருப்பட்டித் துண்டோடு வெறுந் தேத்தண்ணி குடிக்கிற மாதிரித்தான். அந்தப் பழக்கத்தை 2022இல் யுனெஸ்கோ துருக்கிக்கும் அசர்பைஜானுக்கும் பொதுவான மரபாக அங்கீகரித்தது.

தேத்தண்ணியைத் தாண்டி இன்னொரு சம்பந்தமும் இருக்கு. பூமியிலிருந்து எண்ணெய் எடுத்த ஊருக்கும், மலையில் கோப்பியும் தேயிலையும் நட்ட ஊருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான் நடந்திருக்கிறது. வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், சொத்து நாட்டுடைமை ஆனபோது அவர்களுக்கு என்ன நடந்தது என்ற கதை அது.

நெருப்பு எரிந்த நாடு

முதலில் நாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது அசர்பைஜான். பரப்பளவு 86,600 சதுர கிலோமீற்றர். இலங்கையை விட மூன்றில் ஒரு பங்கு பெரியது. சனத்தொகையோ சுமார் ஒரு கோடி, நம்மில் பாதிதான். வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான், மேற்கே ஜோர்ஜியாவும் ஆர்மீனியாவும். வடக்கு எல்லையில் 4,466 மீற்றர் உயர மலை. கிழக்கே காஸ்பியன் கரை கடல் மட்டத்துக்கும் சுமார் 28 மீற்றர் கீழே. தலைநகர் பாகூ அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. நக்சிவான் என்ற பகுதி ஆர்மீனியாவுக்கு அந்தப் பக்கம் தனியாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது. தெற்கே லெங்கரான் பக்கம் மழை கூடின இடம். சோவியத் காலத்தில் அங்கே பெரிய அளவில் தேயிலை போட்டார்கள்.

பேசும் மொழி துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பான்மையினர் ஷியா முஸ்லிம்கள். லெஸ்கியர், தாலிஷ், ரஷ்யர் போன்ற சிறுபான்மையினரும் இருக்கிறார்கள். ஒரே நூற்றாண்டுக்குள் எழுத்து மூன்று தடவை மாறியது: அரபு எழுத்திலிருந்து 1920களில் லத்தீனுக்கு, 1940 அளவில் ரஷ்ய எழுத்துக்கு, 1991க்குப் பிறகு திரும்பவும் லத்தீனுக்கு. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் வாசிக்க முடியாத நாடு என்று வைத்துக்கொள்ளுங்க.

பாகூவுக்குப் பக்கத்தில் சுராகானி என்ற இடத்தில் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இந்திய வணிகர்கள் ஒரு நெருப்புக் கோயில் கட்டினார்கள். நிலத்துக்கு அடியிலிருந்து தானாக வந்த வாயு அங்கே அணையாமல் எரிந்தது. சமஸ்கிருதத்திலும் பஞ்சாபியிலும் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த இயற்கை நெருப்பு 1969இல் அணைந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் நூறு வருடம் எண்ணெயும் வாயுவும் உறிஞ்சி எடுத்தால் வேறென்ன நடக்கும்? இப்போது குழாயில் வாயு கொண்டுவந்து எரிக்கிறார்கள்.

இரண்டு ரயில் பாதைகள்

அந்த உறிஞ்சல் எப்படித் தொடங்கியது? ரஷ்ய ஜார் அரசு எண்ணெய் நிலத்தை முதலில் குத்தகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1872இல் அந்த முறையை ஒழித்து ஏலம் விட்டது. அடுத்த வருடம் ரொபர்ட் நோபல் பாகூவுக்கு வந்து சேர்ந்தார். நோபல் பரிசு அல்பிரட் நோபலின் அண்ணன் இவர். துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரம் தேடி வந்தவர், எண்ணெயைப் பார்த்துவிட்டு அங்கேயே முதல் போட்டார். 1879இல் நோபல் சகோதரர்களின் கம்பனி உருவானது. பின்னால் ரொத்சைல்ட் குடும்பமும் வந்தது. 1883இல் கருங்கடல் துறைமுகமான பாத்தூமி வரைக்கும் ரயில் பாதை முடிந்தது. 1901இல் உலக எண்ணெயில் பாதி பாகூவிலிருந்துதான் போனது.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். மூன்று வருட வித்தியாசம்தான். இரண்டு பாதையுமே சனங்கள் பயணம் போவதற்காக முதலில் யோசிக்கப்பட்டவை இல்லை. உள்ளே விளைந்ததைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் போட்டார்கள். மாத்தளைக்கு ரயில் வந்த நேரம் கோப்பியை இலை நோய் தின்றுகொண்டிருந்தது. அந்த இடத்தில் தேயிலையும் கொக்கோவும் ஏறின.

ஹம்ஷஹ்ரி

கிணறு தோண்ட யார் வந்தார்கள்? இங்கேதான் கதை நமக்குத் தெரிந்த கதையாக மாறுகிறது.

1828இல் ரஷ்யாவும் ஈரானும் செய்த துருக்மென்சாய் ஒப்பந்தம் அராஸ் ஆற்றை எல்லையாக்கியது. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மொழி, ஒரே சனம். ஆனால் வடகரை ரஷ்யப் பேரரசு, தென்கரை ஈரான். எண்ணெய் வந்ததும் தென்கரையில் பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த விவசாயிகள் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்தார்கள். பாகூவில் ஆகக் கஷ்டமான, ஆகக் குறைந்த கூலிக்கான வேலை அவர்களுக்குத்தான் கிடைத்தது. எண்ணெய்ச் சேற்றில் நின்று வாளியால் அள்ளினார்கள். சுத்திகரிப்பு ஆலைகளின் புகை படிந்த பகுதிக்கு ஊரே 'கறுப்பு நகரம்' என்று பேர் வைத்தது. கைத்தொழில் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் ரஷ்யருக்கும் ஆர்மீனியருக்கும் போயின.

அந்தத் தொழிலாளிக்கு வந்த பெயர் 'ஹம்ஷஹ்ரி'. பாரசீகத்தில் அதன் அர்த்தம் 'ஒரே ஊர்க்காரன்'. அன்பாகக் கூப்பிடும் சொல். பாகூவில் அது கந்தல் உடுத்த ஈரானியக் கூலியைக் குறிக்கும் இளக்காரமான சொல்லாகிவிட்டது. சொன்னவர்களில் அதே மொழி பேசிய உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைத் தமிழிலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நம்ம முன்னோர் கடந்தது ஆறு அல்ல, கடல். மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு ஏறினார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியெல்லாம் ஆட்களைப் பிடுங்கிக்கொண்டன. மலைநாட்டுக்குள் நுழையும் வாசல் மாத்தளைதான்.

இரண்டு இடத்திலும் சனங்கள் சும்மா இருக்கவில்லை. 1904 டிசம்பரில் பாகூ எண்ணெய்த் தொழிலாளர் செய்த பொது வேலைநிறுத்தம், ரஷ்யாவின் முதல் கூட்டு ஒப்பந்தத்தையும் ஒன்பது மணிநேர வேலையையும் வாங்கிக்கொடுத்தது. ஆனால் அடுத்த வருடமே முஸ்லிம்களுக்கும் ஆர்மீனியருக்கும் இடையில் கலவரம் மூண்டு எண்ணெய் வயல்கள் எரிந்தன. இங்கே 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார்.

சொத்து நாட்டுக்கு, ஆள் வெளியே

1920 ஏப்ரலில் செஞ்சேனை பாகூவுக்குள் வந்தது. இரண்டு வருடமே வாழ்ந்த சுதந்திரக் குடியரசு முடிந்தது, எண்ணெய் தேசியமயமானது. தொழிலாளர் அரசு என்று சொன்னார்கள். ஆனால் 1938இல் ஸ்டாலின் அரசு 'வெளிநாட்டு உளவாளி' என்ற சந்தேகத்தில் ஈரானியர் மேல் பாய்ந்தது. பலர் கைதானார்கள். பலர் ஈரானுக்குத் துரத்தப்பட்டார்கள், சிலர் கஸகஸ்தானுக்கு அனுப்பப்பட்டார்கள். கிணற்றுக்குள் இறங்கிய கையிடம் கடைசியில் கேட்டது பாஸ்போட்.

சரி, இலங்கைக்கு வருவோம். 1890களில் பாகூ மண்ணெண்ணெயைப் பாத்தூமியிலிருந்து கப்பலேற்றி ஆசியாவுக்கு விற்றுத்தான் ஷெல் கம்பனி வளர்ந்தது. அதன் 'மூரெக்ஸ்' கப்பல் 1892இல் சுயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. அதே ஷெல்லும், எஸ்ஸோவும் கல்டெக்ஸும் இலங்கையின் எண்ணெய் வியாபாரத்தைப் பிடித்து வைத்திருந்தன. 1961இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. விலை குறைந்த சோவியத் எண்ணெயை வாங்கி, கம்பனிகளின் சொத்தைக் கையகப்படுத்தியது. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியும் அரசு பின்வாங்கவில்லை. ஒரு சின்ன நாடு அப்படி நிமிர்ந்து நின்றது லேசான விஷயம் இல்லை. அதைப் பாராட்டத்தான் வேணும்.

ஆனால் அதே அரசுதான் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 975,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம்ம சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்தார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்களும் நாட்டுடைமையாயின. எண்ணெய்க் கம்பனி, தோட்டம் எல்லாம் 'நம்முடையது' ஆனபோது, தோட்டத்தை உண்டாக்கிய சனத்தில் பெரும்பகுதி அந்த 'நம்ம'வுக்குள் இல்லை. பாகூவிலும் அப்படித்தான் நடந்தது.

இன்றைக்கு

1991இல் அசர்பைஜான் சுதந்திர நாடானது. 1994 செப்டெம்பரில் வெளிநாட்டுக் கம்பனிகளோடு செய்த எண்ணெய் ஒப்பந்தத்தை 'நூற்றாண்டின் ஒப்பந்தம்' என்றார்கள். பாகூவிலிருந்து துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வரைக்கும் 1,768 கிலோமீற்றர் குழாய் போட்டார்கள். வருமானத்தைச் சேர்த்துவைக்க 1999இல் ஒரு நிதியமும் அமைத்தார்கள். அதில் புத்தி இருக்கிறது. ஆனாலும் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் எண்ணெயும் வாயுவும்தான். உலக விலை விழுந்த 2015இல் அந்நாட்டுப் பணமான மனாத்தின் மதிப்பை ஒரே வருடத்தில் இரண்டு தடவை இறக்க வேண்டி வந்தது. கோப்பியை மட்டும் நம்பிக் கவிழ்ந்த மாத்தளைக்கு இந்தப் பாடம் பழசு.

ஆட்சி தகப்பன் ஹெய்தர் அலியேவிடமிருந்து 2003இல் மகன் இல்ஹாமுக்குப் போனது. 2017இல் மகனின் மனைவி துணை ஜனாதிபதி ஆனார். குடும்ப ஆட்சி நமக்கும் புதுசில்லைதானே. எண்ணெய்க் காசு ஆயுதமாகவும் மாறியது. கரபாக் சண்டையில் 1990களில் லட்சக்கணக்கான அசர்பைஜானியர் வீடிழந்தார்கள். 2023 செப்டெம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் ஒரே வாரத்தில் கிளம்ப வேண்டி வந்தது. யார் இந்த மண்ணுக்குரியவர் என்ற கேள்வி அங்கே இன்னும் துப்பாக்கியால்தான் கேட்கப்படுகிறது.

இங்கே? 2021 டிசம்பரில் இலங்கை ஈரானோடு ஓர் உடன்பாடு செய்தது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எண்ணெய் வாங்கிய 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலை அனுப்பித் தீர்ப்பது என்று. அதே வருடம்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு வருடக்கணக்காகக் கத்திய தொழிலாளருக்கு அது வர்த்தமானியில் வந்தது. நாட்டின் எண்ணெய்க் கடனை அடைக்கும் அளவுக்குப் பெறுமதியான கொழுந்தைப் பறிப்பவர்களில் பெரும்பாலானோர், தான் படுக்கிற லயத்துக்கு உறுதி இல்லாதவர்கள்.

2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் வந்தது. முன்னோர் வந்த அதே வழி. கேட்டது காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான பிரஜாவுரிமை. பாகூவின் ஹம்ஷஹ்ரிகளுக்கு அப்படி நடந்து வந்து கேட்கிற வாய்ப்புக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. நாடு இனி எதையாவது 'நம்முடையது' என்று சொல்லும்போதெல்லாம், அந்த 'நம்ம'வுக்குள் யார் யார் என்று முதலில் கேட்டுவிடுவோம்.