மாஞ்சோலைத் தேயிலைக் குடியேற்றம்

திருநெல்வேலிச் சமவெளியிலிருந்து மேற்கே, மணிமுத்தாறு அணைக்கு மேலுள்ள மலையில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உருவாக்கிய வாழ்விடம் மாஞ்சோலை. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகியவையும் இதில் அடங்கும்.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் நிறுவனம் 1929இல் சுமார் 8,374 ஏக்கர் வனத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. காட்டை வெட்டித் திருத்தவும் தேயிலை நடவும் கொழுந்து பறிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. நிலமற்ற குடும்பங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மலையேறின. அட்டைக்கடியும் ஓயாத மழையும் அவர்களுக்கு வாய்த்தன. இன்றும் வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்தின் அதிக மழைப்பதிவு பலநாள் ஊத்திலும் நாலுமுக்கிலும்தான்.

குடியிருக்கக் கிடைத்தவை லயன் வீடுகள். அவை கம்பெனிக்குச் சொந்தம். வேலை ஓய்ந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. அதனால் பிள்ளைகளில் ஒருவரேனும் தோட்ட வேலையில் சேர்ந்தால்தான் குடும்பம் மலையில் தங்க முடிந்தது. இதை வேறொரு குடியேற்றத்தோடு ஒப்பிடலாம். அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி, நார்வேயிலிருந்து மேற்கே போன குடும்பம் 5 ஆண்டு தங்கிப் பயிரிட்டால் 160 ஏக்கர் வரை அதன் பெயருக்கு வந்தது. அங்குள்ள பழங்குடிகளிடம் பறித்த நிலம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாஞ்சோலைக் குடும்பங்கள் மூன்று, நான்கு தலைமுறை உழைத்தும் ஒரு சென்ட் நிலம் பெறவில்லை. இக்குடியேற்றத்தின் அடிப்படை அநீதி இதுவே.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலி உயர்வும் அவர்களில் சிறையிலிருந்தோரின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. போலீஸ் தடியடிக்குத் தப்பத் தாமிரபரணிக்குள் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தனர். ஒரு கைக்குழந்தையும் அவர்களுள் உண்டு.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் சூழ்ந்த இம்மலை வனத்துக்குத் திரும்புவது நியாயமே. ஆனால் குத்தகை 2028இல் முடியுமுன்பே, 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு அறிவித்துத் தோட்டத்தை மூடத் தொடங்கியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வேலை தர 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னாளில் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. அதே டான்டீ மாஞ்சோலையையும் ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர் கோரினர். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு உத்தரவிட மறுத்தது.