டாப் விசையின் வரலாறு

கணினித் திரையிலே விண்ணப்பப் படிவமொன்று தோன்றுகின்றது. பெயர், முகவரி, பிறந்த திகதி எனக் கட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு கட்டத்தை நிரப்பியவர் விசைப்பலகையின் இடப்புறத்திலுள்ள டாப் விசையை அழுத்துகின்றார். எழுதுமிடம் அடுத்த கட்டத்துக்குத் தாவுகின்றது. அற்பமாகத் தோன்றும் இச்செயலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

தட்டச்சுப் பொறி தோன்றிய காலத்தில், கணக்கு அட்டவணைகளை அச்சிடுவோர் பெருந்தொல்லைப்பட்டனர். எண்கள் யாவும் தத்தம் நிரலில் நேராக நிற்கவேண்டுமாயின், இடைவெளிக் கட்டையைப் பன்முறை தட்டவேண்டும். இத்தொல்லையை நீக்கவே, பொறியின் சட்டத்தில் வேண்டிய இடங்களில் தடைகளை மாட்டிவைக்கும் அமைப்பு வந்தது. ஒரு விசையை அழுத்தினால் தாளேந்தி விரைந்தோடி அடுத்த தடையில் நிற்கும். அட்டவணையாக்குதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே டாப் என்னும் பெயர்.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டு முறையில் இவ்விசைக்கு 9 என்னும் எண் கிடைத்தது. 1971இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 3270 முனையங்களில் அதன் பணியே மாறியது. திரையில் எழுதத்தகாத பகுதிகளைக் கடந்து, எழுதத்தக்க அடுத்த கட்டத்துக்கு அது சென்றது. தாளில் இடத்தைத் தேடிய விசை, படிவத்திற் கட்டத்தைத் தேடலாயிற்று.

பின்னர் உலகளாவிய வலை பிறந்தது. 1997 டிசம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். 4.0 நியமம், கட்டங்களுக்கு வரிசையெண் வழங்கும் டாப்இன்டெக்ஸ் என்னும் பண்பை அளித்தது. எண் பெற்றவை சிறியதிலிருந்து பெரியதாக முன்னே செல்லும். எண் பெறாதவையும் பூச்சியம் பெற்றவையும் பக்கத்தில் எழுதப்பட்ட ஒழுங்கிற் பின்னே வரும்.

இவ்வுரிமையே இடருக்கும் வித்தாயிற்று. பெயருக்கு 1, முகவரிக்கு 2, திகதிக்கு 3 என எண்ணிட்டபின், பெயரை அடுத்துத் தொலைபேசிக் கட்டமொன்றை எண்ணின்றிச் சேர்த்தால், விசை அதனைத் தாண்டிச் சென்று ஈற்றிலேயே திரும்பி வரும். கண்ணுக்கு ஒரு வரிசை, கைக்கு வேறொரு வரிசை! ஆகவே, கட்டங்களைத் தொடக்கத்திலேயே முறையாக எழுதி, எண்களைத் தவிர்ப்பதே நன்றென அனுபவம் கற்பித்தது.

சுட்டியைக் கையாள்வோருக்கு இது சிறு இடையூறு. பார்வையற்றோருக்கும் கைநடுக்கமுடையோருக்குமோ விசைப்பலகையே வழி. வரிசை குலைந்தால் அவர் எந்தக் கட்டத்தில் நிற்கின்றார் என்பதே மயக்கமாகும். சில பக்கங்களில் உள்ளே புகுந்த குவியம் வெளியேற இயலாது சிக்கிக்கொள்வதும் உண்டு. அழகு கருதி, குவியத்தைக் காட்டும் கோட்டை அழித்துவிடும் வடிவமைப்பாளரும் உளர். அதனால் பார்வையுள்ளோரும் வழி தவறுவர்.

இக்குறைகளைக் களையும்பொருட்டு, 1999இல் வெளிவந்த வலை அணுகல் வழிகாட்டி, பொருத்தமான டாப் வரிசையைப் பரிந்துரைத்தது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு மேலும் தெளிவாக விதித்தது: செயல்கள் விசைப்பலகையால் இயலவேண்டும்; குவியம் எங்கும் சிறைப்படலாகாது; அதன் வரிசை பொருள் கெடாது செல்லவேண்டும்; அது நிற்குமிடம் கண்ணுக்குப் புலப்படவேண்டும்.

அன்று எண்களை நேராக நிறுத்தப் பிறந்த விசை, இன்று உதவித்தொகைக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும் ஒருவர் பிறர் துணையின்றித் தம் படிவத்தைத் தாமே நிரப்ப வழிசெய்கின்றது. அவ்வழி திறப்பதும் அடைபடுவதும் படிவத்தை அமைப்போரின் கையிலேயே உள்ளது.