பொன்னியின் செல்வன்: திரைக்கு வராத முயற்சிகள்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி தம் 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை எழுதிய ஐந்து பாகத் தொடர்கதை 'பொன்னியின் செல்வன்'. இதைப் படமாக்கும் அறிவிப்பு முதலில் 1958-இல் வந்தது. படம் திரைக்கு வந்தது 2022-இல். இடைப்பட்ட காலத்தில் கைவிடப்பட்ட முயற்சிகளில் எம்.ஜி.ஆருடையதும் மணிரத்னத்தின் இரண்டும் முக்கியமானவை.

நாவலின் வகை: நூலகங்கள் இதை வரலாற்று நாவல் என்று அடுக்குகின்றன. காலத்தையும் ஆடை அணியையும் பார்த்தால் அது சரிதான். கதை நகரும் விதத்தைப் பார்த்தால் இது ஒற்றர் நாவல். காஞ்சியிலிருக்கும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் ஓலைகளை, கதாநாயகன் வந்தியத்தேவன் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டு செல்வதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. வழியில் கடம்பூர் மாளிகையில் தங்கும் இரவில், சிற்றரசர்களின் நள்ளிரவுக் கூட்டத்தை அவன் மறைந்திருந்து பார்க்கிறான். சிற்றரசர் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி வந்திருப்பதாக எல்லோரும் நம்பிய மூடுபல்லக்கிலிருந்து, அவர்கள் அரியணை ஏற்ற விரும்பும் மதுராந்தகன் இறங்குகிறான். அதே வேளையில் மதில்மேல் இன்னொரு தலையும் தெரிகிறது. அது ஆழ்வார்க்கடியான், வீர வைணவ வேடத்தில் திரியும், முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். கோட்டைக் காவலைக் கடக்க நந்தினியின் பனை இலச்சினை மோதிரம், பாண்டிய மன்னனின் மெய்க்காவலரான ஆபத்துதவிகள் பள்ளிப்படைக் கோயிலில் தீட்டும் சதி, கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு இரவுப் படகு என்று நாவல் முழுக்க இதே தொழில்தான். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய ரவிதாசன் முதலானோரின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டிலிருந்து எடுக்கப்பட்டது. கொன்றவர் யார் என்பதைக் கல்கி வேண்டுமென்றே கலங்கலாக விட்டார்.

எம்.ஜி.ஆர். முயற்சி: 'நாடோடி மன்னன்' வெளிவந்த 1958-இலேயே எம்.ஜி.ஆர். இப்படத்தை அறிவித்தார். உரிமைக்கு அவர் கொடுத்த தொகை 10,000 ரூபாய். தயாரிப்பு, இயக்கம், நடிப்பு மூன்றும் தம்முடையவை என்பது திட்டம். ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, எம்.என். ராஜம், டி.எஸ். பாலையா, நம்பியார், நாகையா ஆகியோர் நடிப்பதாக இருந்தது. இத்தனை பேரையும் ஒரே படத்தில் சேர்க்கும் துணிவு அன்று வேறு யாருக்கும் இருந்திருக்காது. படப்பிடிப்புத் தொடங்குமுன் எம்.ஜி.ஆர். விபத்தில் சிக்கினார். காயம் ஆற ஆறு மாதமானது. நான்கு ஆண்டு கழித்து உரிமையைப் புதுப்பித்தும் படம் நகரவில்லை.

திரைக்கதை எழுதும் பொறுப்பு, பின்னாளில் இயக்குநரான ஜே. மகேந்திரனுக்குப் போனது. காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவில், எம்.ஜி.ஆர். மேடையில் இருக்கும்போதே தமிழ் சினிமாவின் போலித்தனத்தைக் கிண்டலடித்துப் பேசியவர் அவர். அந்தப் பேச்சைப் பாராட்டிய எம்.ஜி.ஆரே பிறகு இந்த வேலையையும் கொடுத்தார். நாவலை அப்படியே படமாக்க முடியாது என்ற பாடத்தை மகேந்திரன் நன்றாகவே படித்திருக்க வேண்டும். உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978), புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவிய 'உதிரிப்பூக்கள்' (1979) இரண்டிலும் மூலத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான்.

எம்.ஜி.ஆரின் படம் நின்றதற்கு விபத்தையும் பணத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதிக் கணக்கு. வந்தியத்தேவன் ஒட்டுக்கேட்பான், கூசாமல் பொய் சொல்வான், அகப்பட்டுக்கொண்டு ஓடுவான். எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் இவற்றில் எதற்கும் இடம் கொடுக்காது. மேலும் ஏறக்குறைய 300 அத்தியாயங்கள், வாரம் ஒரு திடுக்கிடலில் நிற்பதற்கென்றே கட்டப்பட்டவை. அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருந்த காத்திருப்பை மூன்று மணி நேரப் படத்தில் எங்கே வைப்பது?

பிற நாட்டு ஒப்புமை: 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலத்திலேயே வெளியான இன்னொரு ஒற்றர் நாவல், இயன் பிளெமிங்கின் முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலான 'கேசினோ ராயல்' (1953), படமாவதில் இதைவிட மோசமாக அடிபட்டது. 1954-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதை ஒரு மணி நேர நேரலை நாடகமாக்கி, பாண்டை அமெரிக்கராக்கியது. படவுரிமையை வாங்கிய கிரிகரி ராட்டாஃப் எடுக்காமலே 1960-இல் இறந்தார். 1967-இல் வந்ததோ கேலிப்படம். நாவலுக்கு ஓரளவு நெருங்கிய படம் கிடைக்க 2006 ஆனது.

பிற்கால முயற்சிகள்: எம்.ஜி.ஆரிடமிருந்து உரிமை பெற்ற கமல்ஹாசன், 1980-களின் இறுதியில் மணிரத்னத்துடன் சேர்ந்து திட்டமிட்டார். போட்ட பணம் திரும்பாது என்று தோன்றியதால் கைவிட்டனர். வந்தியத்தேவன் வேடத்துக்கு ரஜினிகாந்தைச் சிவாஜி கணேசன் சொன்னதாகக் கமல் 2022-இல் மேடையில் நினைவுகூர்ந்தார். 1999-இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகி உரிமைத் தடை நீங்கியது. அதே ஆண்டு மேஜிக் லேண்டர்ன் குழு, குமரவேலின் ஆக்கத்தில் நாவலைச் சென்னையில் நாடகமாக்கி, இதைச் சுருக்க முடியும் என்று காட்டியது. இந்த மேடையேற்றத்துக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. 2011-ஐ ஒட்டி ஜெயமோகன் எழுத்தில் மணிரத்னம் மீண்டும் முயன்றார். செலவு கட்டவில்லை, பழைய கோயில்களிலும் மைசூர் அரண்மனையிலும் படம்பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை.

பின்னர் லைகாவும் மெட்ராஸ் டாக்கீஸும் தயாரிக்க, மணிரத்னம், ஜெயமோகன், குமரவேல் திரைக்கதையில் படம் இரண்டு பாகங்களாக 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 ஆகிய நாள்களில் வெளியானது.