வலி தணிக்கும் ஊசியும் கைராசியும்

நுவரெலியா, ஹட்டன் மலைச்சரிவுகளின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் முதுகு, கழுத்து, முழங்கால் ஆகிய மூன்று சொற்களும் என் குறிப்பேட்டில் தவறாமல் இடம்பெறும். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து பறித்தாக வேண்டும். பாரம் முதுகில், அதைத் தாங்கும் கயிறு தலையில். இந்நோவுக்குத் தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் தைலமும், தோட்ட மருந்தகத்தின் மாத்திரையுமே பெரும்பாலும் துணை.

இலங்கையில் அக்குபங்சரைப் பரவலாக அறியச் செய்தவர், களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் பணியாற்றிய பேராசிரியர் அன்ரன் ஜயசூரிய. 2005இல் அவர் மறைந்தார். ஊசி குத்தினால் வலி ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு அறிவியல் விடை தேடியதும் பெரும்பாலும் அவர் காலத்தில்தான்.

மேற்குலகின் கவனத்தை இதன்பால் திருப்பியவர் ஒரு பத்திரிகையாளர். நியூயோர்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு 1971 ஜூலையில் பீக்கிங்கில் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவரை ஊசியால் மரக்கச் செய்து அறுத்தார்கள் என்ற கதை இன்றும் உலவுகிறது. அது பிழை. அறுவை நடந்தது வழமையான மருந்தின் உதவியுடன். பின்னர் ஏற்பட்ட வயிற்று உபாதைக்கே ஊசி ஏற்றப்பட்டது. அதை அவரே எழுதியிருக்கிறார்.

அதற்கு முன்பே, 1965இல், பீக்கிங்கில் பேராசிரியர் ஹான் ஜிஷெங் ஆய்வைத் தொடங்கிவிட்டார். ஊசி ஏற்றியதும் வலி சட்டெனக் குறையவில்லை, மெல்லவே குறைந்தது. ஊசியை எடுத்தபின் அந்தப் பயனும் மெல்லவே மறைந்தது. நரம்பின் செய்தி நொடியில் ஓடுவது. ஆகவே ஏதோ ஓர் இரசாயனம் சுரக்கிறது என்று அவர் ஐயுற்றார். ஊசி ஏற்றிய முயலின் மூளைத் தண்டுவட நீரை இன்னொரு முயலுக்குச் செலுத்தியபோது, ஊசியே படாத அந்த முயலும் வலியை அதிகம் தாங்கியது.

அந்த இரசாயனத்தின் பெயர் 1975இல் தெரியவந்தது. ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கொஸ்டர்லிட்ஸும், மூளை தானே தயாரிக்கும் அபின் போன்ற பொருளான என்கெஃபலினைக் கண்டறிந்தனர். எண்டோர்ஃபின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அபினின் வீரியத்தை முறிக்கும் நலொக்சோனைக் கொடுத்தால் அக்குபங்சரின் பயனும் குன்றுவதை, 1976இல் ரொறன்ரோவில் பொமரன்ஸ் எலிகளில் காட்டினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் ஊசிக்கு முழு வெற்றி. ஆனால் 1978இல் அமெரிக்காவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர், பல் பிடுங்கியவர்களுக்கு வெறும் போலி மருந்து தந்த நிவாரணத்தையும் நலொக்சோன் முறிப்பதைக் கண்டனர். நம்பிக்கையும் அதே சுரப்பைத் திறக்கிறது! 2007இல் வெளியான ஜெர்மனிய ஆய்வில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 1,162 பேர் பங்கேற்றனர். முறையான ஊசியால் 47.6 வீதத்தினரும், புள்ளி தவறி மேலோட்டமாகக் குத்திய ஊசியால் 44.2 வீதத்தினரும், வழமையான சிகிச்சையால் 27.4 வீதத்தினரும் பயன் பெற்றனர்.

இதைப் பித்தலாட்டம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. கைராசிக்காரர் தொட்டால் பாதி நோய் போகும் என்கிறார்கள் நம் மக்கள். ஒருவரைப் படுக்கவைத்து, நோவைக் கேட்டு, கை வைத்துப் பார்ப்பதும் மூளைக்குள் மருந்தாகிறது போலும். வரிசையில் நின்று இரண்டு மாத்திரையுடன் திரும்பும் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்காதது இதுவே.

எனினும் ஓர் எச்சரிக்கை. எண்டோர்ஃபின் வலியை அடக்குமே தவிர, தேய்ந்த எலும்பை வளர்க்காது. ஊசியோ தைலமோ தரும் நிம்மதி, மறுநாள் அதே பாரத்தைச் சுமக்க வைப்பதற்கான உபாயமாகிவிடக் கூடாது. மலையகத்துக்கு வேண்டியவை இரண்டு: நோவைக் காதுகொடுத்துக் கேட்கும் வைத்தியம், பாரத்தைக் குறைக்கும் வேலைமுறை. முதலாவதை மூளையின் இரசாயனம் ஆதரிக்கிறது. இரண்டாவதை மனிதர்தாம் செய்ய வேண்டும்.