குடகுப் பாசியும் அதன் பெயர்ச்சான்றும்

மழைக்குப்பின் வெற்று மண்ணில் படரும் சிறுபாசிகளை இலையை மட்டும் கொண்டு இனங்காண்பது அரிது. பிஸ்கோமிட்ரியமும் ஃபுனேரியாவும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை; மெல்லிய, அகன்ற இலைகள் இரண்டிற்கும் பொதுவானவை. வேறுபாடு கேப்சூல் எனப்படும் வித்துப்பையில் வெளிப்படுகிறது. ஃபுனேரியா ஹைக்ரோமெட்ரிக்காவின் பை வளைந்து தலைசாய்ந்திருக்கும். மூடி கழன்றதும் அதன் வாயில் இரு வரிசைப் பற்கள், வரிசைக்கு 16 வீதம் தென்படும். பிஸ்கோமிட்ரியத்தின் பை நிமிர்ந்திருக்கும். அதன் வாயில் பற்களே இல்லை. ஆகவே, வித்துப்பை முதிரும் பருவத்தைத் தவறவிட்டவர் அவ்வாண்டு பெயரையும் தவறவிட்டவரே.

இப்பற்களை வகைப்பாட்டின் அடிப்படையாக்கியவர் லைப்சிக் நகரின் யோஹான் ஹெட்விக் (1730–1799). அவர் மறைவுக்குப்பின் 1801இல் வெளிவந்த நூலே, ஸ்பேக்னம் நீங்கலான பாசிகளின் பெயரியலுக்கு இன்றும் தொடக்கப் புள்ளி.

இந்தியப் பாசிகள் பெயர் பெற்றதோ பெரும்பாலும் இம்மண்ணுக்கு வெளியே. 1859இல் இந்தியப் பாசிகளைத் தொகுத்து வெளியிட்ட வில்லியம் மிட்டன், இங்கிலாந்தின் சஸெக்ஸில் மருந்துக்கடை நடத்தியவர். அவருடைய பாசித் தொகுப்பு பின்னர் நியூயார்க் தாவரவியல் பூங்காவைச் சென்றடைந்தது. குடகின் பெயரைத் தாங்கிய பிஸ்கோமிட்ரியம் கூர்கென்ஸ் என்னும் இனத்தை விவரித்தவர் பின்லாந்தின் புரோத்தெரஸ் (1849–1929). அவரது தொகுப்பு ஹெல்சிங்கியில் உள்ளது.

அதே குடகுப் பாசி 1961இல் அறிவியல் உலகில் மீண்டும் பேசப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் மனோகர் லால் அதனைச் சோதனைக்குழாயில் வளர்த்து, கருவுறுதல் இன்றியே வித்தகத்தாவரம் தோன்றுவதை அறிவித்தார். பெயர் பிறந்தது வடஐரோப்பாவில். அப்பெயருக்குப் புதிய பொருள் சேர்ந்தது தில்லியில். கல்கத்தாவில் எச். சி. கங்குலி 1969 முதல் 1980 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட கிழக்கிந்தியப் பாசிகள் பற்றிய பெருநூலும், ஆர். எஸ். சோப்ராவின் 1975ஆம் ஆண்டு நூலும் இனங்காணும் பணியை இந்நாட்டு ஆய்வாளரின் கைக்கெட்டச் செய்தன.

இவ்வரலாறு ஆய்வு மாணவர்க்கு உணர்த்துவது ஒன்று. சோதனையின் முடிவு எத்துணைச் சிறப்புடையதாயினும், சோதிக்கப்பட்ட செடி எது என்பது ஐயத்திற்குரியதாயின் அம்முடிவும் ஐயத்திற்குரியதே. ஒரு பேரினத்தின் நெருங்கிய இனங்களைப் பிரிக்கப் பையின் வடிவமும் வித்தின் மேற்பரப்பும் வேண்டப்படும்போது, ஆய்வுக்கூடத்து வளர்ப்பு மட்டும் சான்றாகாது. முதிர்ந்த வித்துப்பையுடன் கூடிய மாதிரி, சேகரித்த இடம், நாள், மண்ணின் இயல்பு ஆகிய குறிப்புகளோடு ஒரு ஹெர்பேரியத்தில் இடம்பெறல் வேண்டும். விரல்நகத்தினும் சிறிய அச்செடியை உலர்த்தி மடித்த காகித உறைதான், நாளை வேறொருவர் அதே வினாவை எழுப்பும்போது விடை கூறும்.